99 தொட்டிகளும் ஒரு முகாமும்

முகாமிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, காலையிலிருந்து உப்பு வாரிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

வல்லரசுகளின் நிழல் யுத்தம் பற்றிப் பேசச் சொன்னார்கள். வியட்நாம், ஆப்கானிஸ்தான் என்று ஆரம்பிக்கலாம். நம் கீழ்புத்துப்பட்டு ஈழ அகதிகள் முகாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை.

ஈழத்துப் பகையை அமெரிக்காவும் ரஷ்யாவும் உண்டாக்கவில்லை. 1956-ன் தனிச் சிங்களச் சட்டம், பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த தமிழர் வீடுகள், இவைதான் உண்டாக்கின. எல்லாமே அந்நியச் சதி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த நெருப்பில் குளிர்காய்ந்தவர்கள் உண்டு.

1977-ல் இலங்கையில் ஆட்சிக்கு வந்த ஜெயவர்த்தனா மேற்கு நாடுகள் பக்கம் சாய்ந்தார். இஸ்ரேல் உளவு ஆட்கள் வந்தார்கள். பிரிட்டனின் கூலிப்படை நிறுவனமான கே.எம்.எஸ். இலங்கை அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. 1971-லேயே சோவியத்தோடு உடன்படிக்கை செய்திருந்த டெல்லிக்கு, திருகோணமலைத் துறைமுகம் அமெரிக்காவின் கைக்குப் போய்விடுமோ என்று பயம். அகதிகள் கரையேறியபோது டெல்லி இரங்கியது நிஜம். அந்த இரக்கத்துக்குள் இந்தக் கணக்கும் இருந்தது. ஈழத்து இயக்கங்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தார்கள். ஒன்றுக்கல்ல, பல இயக்கங்களுக்கு. 1986-ல் தமிழன் துப்பாக்கி தமிழனைப் பார்த்துத் திரும்பியது. டெலோ இயக்கத்தை விடுதலைப் புலிகள் அழித்தார்கள்.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கூடவே கடிதங்களும் கைமாறின. திருகோணமலையை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுப் படைக்கும் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு வானொலி நிலையங்கள் உளவுக்குப் பயன்படக் கூடாது. திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடும் சேர்ந்து சீரமைக்க வேண்டும். இதெல்லாம் கடிதத்தில். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம், தமிழ்நாட்டில் இருந்த அகதிகளை ஊருக்கு அனுப்புவது, இதெல்லாம் ஒப்பந்தத்தில்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, அங்கே போன இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். யாழ்ப்பாணத்தில் செத்த பொதுமக்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? 1990 மார்ச்சில் படை திரும்பியது. ஜூனில் மறுபடி போர், மறுபடி படகுகள். வடகிழக்கு இணைப்பை 2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தொட்டிகளை மட்டும் யாரும் மறக்கவில்லை. பிரிட்டிஷ்காரன் கட்டிய 99 தொட்டிகளையும் 2022 ஜனவரியில் உட்கார்ந்து பிரித்தார்கள்: கூட்டு நிறுவனத்துக்கு 61, இலங்கை அரசு நிறுவனத்துக்கு 24, இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனத்துக்கு 14.

தொட்டிக்கு இத்தனை அக்கறை! முகாமில் பிறந்த பிள்ளைக்கு? 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். ஒப்பந்தம் போட்ட அதே மாதம் அந்தக் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். முகாமில் அப்பா அம்மா இருவருமே அகதி. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. நம்மூர்ச் சுவர்களுக்குச் சாரத்தில் நின்று பெயிண்ட் அடிக்கிற முகாம் தம்பி, முகாமில் ஆஜர் காட்டிக் கையெழுத்துப் போடும் நாள் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வரிசைக்கு ஓடி வரவேண்டும். நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்தவன் அவன்.

மாநில அரசு 2021-லிருந்து முகாம்களில் புது வீடு கட்டித் தருகிறது, மனதார வரவேற்கிறேன். குடியுரிமை டெல்லி கையில். வருகிற கிராம சபையில் அதைக் கேட்டு ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். முகாம்காரர்களுக்கு ஓட்டு இல்லை, அவர்களால் கைதூக்க முடியாது. ஓட்டு இருக்கிற நீங்கள் அன்றைக்கு வேலையை ஒரு மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு வந்து கைதூக்குங்கள்.