எழினி இழுத்த கை



சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் மாதவி ஆடிய மேடையின் அளவை மறந்திருக்க மாட்டார்கள். இருபத்துநான்கு பெருவிரல் நீளமுள்ள கோலினால் அளந்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அமைக்கப்பட்ட அரங்கு அது. மேடைத் தளத்திற்கும் மேலே பரப்பிய பலகைக்கும் இடைவெளி 4 கோல். புகுவதற்கும் போவதற்குமாக இரண்டு வாயில்கள். ஒருபுறமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து பொருந்தும் பொருமுக எழினி, மேலிருந்து மறைவாக இறங்கும் கரந்துவரல் எழினி என மூன்று திரைகள். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கவேண்டும் என்ற நுட்பமும் அங்கே சொல்லப்படுகிறது. ஆடலாசான் தொடங்கி யாழாசான் வரை அறுவருடைய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கிறார். ஆடி முடித்த மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கிடைக்கின்றன.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. எழினியை எந்தக் கணத்தில் இழுக்கவேண்டும் என்று அறிந்திருந்தவர் யார்? நிழல் விழாத இடம் தேடி விளக்கை நகர்த்தி வைத்தவர் யார்? தண்ணுமை ஆசான் ஆயத்தமாகிவிட்டார், குழலாசான் ஆயத்தமாகிவிட்டார், ஆடல்மகளும் வாயிலில் வந்து நிற்கிறாள் என்பதை ஒருசேர அறிந்து, இனித் தொடங்கலாம் என்று சைகை காட்டியவர் யார்? காப்பியத்தில் அவருக்கென்று ஒரு பெயரில்லை. ஆனால் அப்படி ஒருவர் இல்லாமல் அந்த அரங்கேற்றம் நடந்திருக்க முடியாது.

அந்தப் பெயரற்றவரின் தொழிலே இவ்வுரையின் பொருள். சபா நாடகக்காரர்கள் அவரை ‘ஸ்டேஜ் மானேஜர்’ என்று அழைத்துப் பழகினார்கள். மேடை மேலாளர் என்று தமிழில் சொல்லலாம். நாடகம் பயிலும் மாணவர் ஒருவர் இந்தத் தொழிலை எவ்வாறு கற்கிறார், அதை இந்த மண்ணில் கற்பிப்பது ஏன் அவசியமாகிறது என்பதைச் சற்றே விரிவாகக் காண்பது பயனுடையது.

1997-இல் தனி மாவட்டமான திருவள்ளூரின் சிற்றூர்களுக்கு மேடை நிர்வாகம் புதிய செய்தியன்று. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் தெருக்கூத்தும் நடைபெறும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னே வேடதாரி வந்து நிற்க, கட்டியங்காரன் அவரை யாரென்று வினவி, அவைக்கு அறிமுகம் செய்வான். அடுத்த வேடம் கிரீடம் கட்டி முடியவில்லை எனில், அந்த இடைவெளியை நகைச்சுவையால் நிரப்புபவனும் அவனே. சபையோர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய ஒரு கண் ஒப்பனைக் கொட்டகையின் பக்கம் இருக்கும். அருச்சுனன் தபசு நடக்கும் இரவில் உயர்ந்த தபசு மரத்தின்மீது கலைஞர் ஏறுகிறார். மரம் உறுதியாக நடப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே அசைத்துப் பார்க்கும் கை ஒன்று அங்கே உண்டு. பதினெட்டாம் போரன்று காலையில் துரியோதனனின் மண்ணுருவம் படுகளத்தில் முடிந்திருக்கவேண்டும். கூத்தும் கோயில் சடங்கும் ஊர் மக்களும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் வந்து சேரவேண்டும். கடிகாரமும் எழுத்தும் இல்லாமலே இத்தனையையும் ஒழுங்குபடுத்தும் அறிவு வாத்தியாரிடமும் கட்டியங்காரனிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பகிர்ந்து கிடந்தது. சிறுவயது முதல் உடனிருந்து பார்ப்பதே அதற்குரிய பாடம்.

பாய்ஸ் கம்பெனிகளிலும் ஏறக்குறைய இதே முறைதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்த தி.க. சண்முகம், பின்னாளில் தமிழ் நாடகத்தின் தூணாக விளங்கினார். கம்பெனியிலேயே உண்டு உறங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு நடிப்பும் பாட்டும் திரைமறைவு வேலையும் வெவ்வேறு பாடங்களாக இருக்கவில்லை.

இதற்கு மாறான சூழல் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையில் இருந்தது. அதன் உறுப்பினர்கள் பகலில் வேறு தொழில் பார்த்த படித்தவர்கள். மாலையில் கூடி ஒத்திகை பார்த்தார்கள். வெவ்வேறு வேலைநேரம் உடையவர்களைக் குறித்த வேளையில் ஒன்றுசேர்ப்பதே அங்கு முதற் சவாலாயிற்று. முதலியார் தம் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் வெற்றிகளோடு மேடையில் நேர்ந்த தவறுகளையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். மேடை நிர்வாகம் கற்க விரும்பும் மாணவருக்கு அந்தத் தவறுகளே நல்ல பாடங்கள்.

இத்தொழில் முறையான கல்வியாக இடம்பெற்றது நாடகப் பள்ளிகள் தோன்றிய பின்னரே. தில்லியில் 1959-இல் தேசிய நாடகப் பள்ளி தொடங்கப்பட்டது. 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காசி, நடிக்க வந்த மாணவரையும் தச்சு வேலையிலும் ஒளியமைப்பிலும் மேடையைப் பெருக்கும் பணியிலும் ஈடுபடுத்தினார். அப்பள்ளியில் பயின்ற செ. இராமானுஜம் 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையிலும், பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அந்த ஒழுங்கைத் தமிழ் இளைஞர்களிடம் கொண்டுவந்தார்.

மேடை மேலாளராகப் பயிலும் மாணவி முதலில் செய்வது, தரையில் கோடு போடுவதாகும். மேடையின் அமைப்பை அளந்து, கதவு எங்கே, திண்ணை எங்கே, படி எங்கே என்பதை ஒத்திகைக் கூடத்தின் தரையில் சுண்ணக்கட்டியாலோ வண்ண நாடாவாலோ வரைகிறாள். இல்லாத சுவரின் ஊடே நடிகர் நடந்து பழகிவிட்டால், சுவர் வந்த நாளில் அவர் தடுமாறுவார் என்பது அவள் கற்கும் முதற் பாடம்.

அடுத்து வருவது ஏடு. நாடகப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்திற்கும் எதிரே வெற்றுத்தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்து, நடிகர் எந்தச் சொல்லில் எழுகிறார், எந்தப் பக்கம் நகர்கிறார், குவளை எந்தக் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் அதில் குறிக்கவேண்டும். குறிப்பது பென்சிலால்தான். இன்று முடிவு செய்ததை இயக்குநர் நாளை மாற்றுவார், அழித்தெழுத இடம் இருக்கவேண்டும். ஒளி மாற்றம், ஒலி, திரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. நேரம் நெருங்கும்போது ‘தயார்’ என்று ஒரு சொல். உரிய கணத்தில் ‘போ’ என்று மற்றொரு சொல். ‘போ’ என்ற அந்தச் சொல்லை வேறெதற்கும் அவள் பயன்படுத்தலாகாது. விளக்குப் பலகையில் கைவைத்துக் காத்திருப்பவர் அதைக் கேட்டதும் செயல்பட்டுவிடுவார்.

தொடக்க மாணவர் பலர் தவறுவது எங்கே? நாடகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவதில். நடிகை உருக்கமாக அழுகிறாள், மாணவியின் கண்ணும் கலங்குகிறது, ஏட்டில் குறித்த நாற்பதாம் எண் கடந்து போய்விடுகிறது. பகலாகவே நிற்கும் மேடையில் நடிகர் இரவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். பிறர் அழும்போது தான் அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருப்பது கல்நெஞ்சின் அடையாளமன்று. சபையோர் தடையின்றி அழுவதற்கு ஒருவர் அழாமல் இருக்கவேண்டியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளச் சிலருக்கு ஓராண்டு ஆகும்.

எடுத்துக்கொடுப்பதும் அத்தகைய நுட்பமே. நடிகர் மௌனமாக நிற்பது மறதியினாலா, உணர்ச்சியினாலா? ஒத்திகைதோறும் உடனிருந்தவருக்கே அவ்வேறுபாடு தெரியும். தேவையற்ற நேரத்தில் எடுத்துக்கொடுத்த சொல் நல்லதொரு மௌனத்தைக் கெடுத்துவிடும்.

நாடகம் அரங்கேறிய மறுநாள் முதல் இயக்குநரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மேலைநாட்டு அரங்குகளில் அதன்பின் நாடகம் மேடை மேலாளர் கையில் ஒப்படைக்கப்படும். திரை எழுவதற்கு 35 நிமிடங்களுக்கு முன் ‘அரைமணி’ அறிவிப்புத் தருவது ஆங்கில நாட்டு மரபு. நடிகர்கள் ஐந்து நிமிடம் முன்னதாகவே மேடைக்கு வந்து நிற்கவேண்டும் என்பதால் அந்தக் கணக்கு. இங்கே ஆறு மணி என்று அழைப்பிதழில் அச்சிட்டு ஏழேகாலுக்குத் தொடங்கும் பழக்கத்தை நினைத்துப் பார்த்தால், அந்த ஐந்து நிமிடத்தின் அருமை விளங்கும்.

இத்தொழிலுக்கு உயிரோடு தொடர்புடைய பகுதி ஒன்று உண்டு. 1903 டிசம்பரில் சிக்காகோ நகரின் இராக்வாய் அரங்கில் விளக்கிலிருந்து தெறித்த பொறி திரைச்சீலையில் பற்றியது. தீத்தடுப்புத் திரை பாதியிலேயே சிக்கி நின்றது. வெளியேறும் வழிகள் பல அடைபட்டிருந்தன. 602 பேர் மாண்டார்கள். 1995 டிசம்பரில் அரியானாவின் டப்வாலியில் பள்ளி ஆண்டு விழாப் பந்தல் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். நம் ஊர்ப் பள்ளி விழாக்களிலும் துணிப் பந்தலின் கீழே வண்ண விளக்குகளின் கம்பிகள் ஓடத்தான் செய்கின்றன. கதவு திறந்திருக்கிறதா, மணல் வாளி கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா, இணைப்புக் கம்பி சூடேறுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கென்று ஒதுக்கப்படவில்லை என்றால், அது யாருடைய பொறுப்பும் ஆகாது. தேவையெனில் நாடகத்தை நடுவிலேயே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கவேண்டும். தலைமை விருந்தினர் முன்வரிசையில் அமர்ந்திருந்தாலும் அந்த அதிகாரம் குறைதல் கூடாது.

இந்த இடத்தில்தான் கும்மிடிப்பூண்டி நினைவுக்கு வருகிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரிவோருக்கு இங்கே சொன்னவற்றுள் எதுவும் அந்நியமாகத் தோன்றாது. ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு வரும்போது, எந்த எந்திரம் ஓடுகிறது, எது பழுதுபார்க்க நிறுத்தப்பட்டுள்ளது என்பதைப் பதிவேட்டில் எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் அவர்கள் வாயிலைக் கடக்கிறார்கள். பழுதுபார்க்கும் எந்திரத்தின் மின்விசையைப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டி, அதன் பிறகே உள்ளே கைவைக்கிறார்கள். தீ ஒத்திகை அவர்களுக்குப் பழக்கமானது. மேடை மேலாளரின் ஏடும் எச்சரிக்கையும் இவற்றுக்கு உடன்பிறப்புகள். நாடகக் கல்லூரிக்குப் போய்த்தான் கற்கவேண்டும் என்று எண்ணும் ஒழுக்கத்தின் ஒரு பாதி, நாள்தோறும் புறநகர் ரயிலில் வந்திறங்கும் தொழிலாளரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மறு பாதியாகிய நாடகத்தின் மூச்சை அறியும் செவியைத் தெருக்கூத்துக் கலைஞர்கள் வைத்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் ஓர் இளைஞரிடம் கொண்டுசேர்ப்பதே தேவையான கல்வி.

இரவு ஷிப்டு பார்ப்பவர், காலை ஷிப்டு பார்ப்பவர், கல்லூரி மாணவர் ஆகிய மூவரையும் வைத்து ஒரு நாடகம் போட முனைந்தவர்களுக்கு, ஒத்திகை அட்டவணை எழுதுவதன் துன்பம் தெரியும். அந்த அட்டவணை இல்லாததால் கைவிடப்படும் நாடகங்களே, நடிகர் இல்லாமல் கைவிடப்படுவனவற்றைக் காட்டிலும் மிகுதி எனலாம்.

இறுதியாக ஒன்று. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடக நூல்கள் மறைந்துபோனதைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் குறிப்பிடுகிறார். அண்மைக்காலத்திலும் அந்த இழப்பு நின்றபாடில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் படிக்கலாம். அவற்றில் நடிகர் எங்கே நின்றார், எந்த அடியில் திரை விழுந்தது என்பதை ஏட்டில் தேடிப் பார்க்க வழியில்லை. பாடம் மிஞ்சியது, ஆட்டம் போயிற்று. மேடை மேலாளர் பென்சிலால் குறித்து வைக்கும் ஏடே அந்த ஆட்டத்திற்கு மிஞ்சும் சாட்சியாகும்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டம், இனி நடத்தும் ஒவ்வொரு நாடகத்திற்கும் இளைஞர் ஒருவரையோ இளம்பெண் ஒருவரையோ மேடை மேலாளராக அமர்த்திப் பயிற்றுவிக்கலாம். அவர் பெயரை நடிகர் பெயர்களோடு அழைப்பிதழில் அச்சிடலாம். நாடகம் முடிந்ததும் அவருடைய ஏட்டைப் பெற்று நூல் அடுக்கில் வைக்கலாம். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மாதவியின் அரங்கில் எழினி இழுத்த கை யாருடையது என்பது இனித் தெரியப்போவதில்லை. இந்த ஊர் மேடையில் இழுக்கும் கைக்கேனும் ஒரு பெயர் இருக்கட்டும்.