மதுவும் செதில் படையும்

 

மது ஹராம் என்பதை இந்தச் சபையில் நான் விளக்க வேண்டியதில்லை. அது கல்லீரலைக் கெடுக்கும் என்பதும் தெரிந்ததே. தோல் நோயையும் அது முற்ற வைக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

சொரியாசிஸ் என்பதை நாம் செதில் படை என்போம். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாய்ச் செதில் உதிரும். இது தொற்றுநோய் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறித் தோலைத் தூண்டிவிடுவதால் வருவது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. குழந்தைகளுக்குக்கூட வருகிறது. ஆகவே இந்நோய் உள்ள ஒருவரைப் பார்த்து "குடிப்பாரோ" என்று நினைப்பது அநியாயம். முஸாஃபஹா செய்யக் கை நீட்டினால் பின்வாங்குகிறோமே, அது அதைவிட அநியாயம்.

பின்லாந்து நாட்டு ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1990இல் வெளியானது. செதில் படை வந்தவர்கள், நோய் தொடங்குமுன் நாளொன்றுக்குச் சராசரியாக 43 கிராம் ஆல்கஹால் குடித்திருந்தார்கள். வேறு தோல் நோய் உள்ளவர்கள் குடித்தது 21 கிராம். குடியால்தான் நோய் வந்தது என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதிகம் குடிப்பவருக்கு நோய் கடுமையாவதையும், மருந்து சரியாகப் பிடிக்காமல் போவதையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். நோய் தந்த வெட்கத்தில் குடியில் விழுபவரும் உண்டு.

நம்மவர்களுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. குடிப்பதை வீட்டில் மறைப்பவர் மருத்துவரிடமும் மறைக்கிறார். நோய் கடுமையானால் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை தருவார்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதனுடன் மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். "குடிப்பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்பது உங்களை எடைபோட அல்ல, மருந்தைத் தீர்மானிக்க. கூட அத்தாவோ மச்சானோ இருந்தால் வாய் வராதுதான். அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். நோயாளி சொல்வதை வெளியில் சொல்லக்கூடாது என்பது மருத்துவருக்குள்ள கடமை.

இன்னொன்று. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்புகூட வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அழைத்துப்போய், அவர்கள் மேற்பார்வையில் நிறுத்த வையுங்கள்.