கல்நார் ஷீட்டை யார் இறக்குவது?

(கோபாலபுரத்தில் மாணவர்களும் கட்டடத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய வீடு வாங்குகிறவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். கோபாலபுரத்தில் வீடு வாங்குறவன் இந்தக் கூட்டத்துக்கா வரப்போறான், நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். விற்கிறவர், வாங்குகிறவர் என்று இரண்டு பேர் பெயர்தான் பத்திரத்தில் இருக்கும். மூன்றாவதாக ஒருத்தர் இருக்கிறார். கூரையில் ஏறி அந்த ஷீட்டை இறக்குகிறவர். நான்காவதாகவும் ஒருத்தர் இருக்கிறார். இறக்கிய ஷீட்டைக் காசு கொடுத்து வாங்கித் தன் வீட்டுக்குப் போட்டுக்கொள்கிறவர். இந்த நான்கு பேரையும் சேர்த்துத்தான் நான் பேசப்போகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். பாறையிலிருந்து வெட்டியெடுக்கிற நார். தீயில் எரியாது, மக்காது, விலையும் மலிவு. சிமெண்டோடு கலந்து ஷீட்டாகவும் குழாயாகவும் வார்க்கிறார்கள். நம் மாநிலத்திலேயே அரக்கோணத்திலும் கோவை போத்தனூரிலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதற்கு ஆலைகள் வந்துவிட்டன. ஷீட் முழுசாக, சிமெண்டுக்குள் நார் இறுகிக் கிடக்கிறவரை ஆபத்து குறைவு. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், வெயிலிலும் மழையிலும் பொரிந்துபோனால் நார் தூசியாகக் கிளம்பும். அது கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடி ஆழம்வரை போய்த் தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோய் வரும். நுரையீரலைச் சுற்றிய சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரும். இன்று தூசி போனால் நோய் தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகலாம். கல்நாரில் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும்.

இது புதுசாகக் கண்டுபிடித்த சேதி இல்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் 33 வயதில் செத்துப்போனார். அவர் நுரையீரலைச் சோதித்த மருத்துவர் அதில் கல்நார்த் துகளைக் கண்டார். 1931இல் அங்கே ஆலைத் தூசிக்குச் சட்டம் வந்தது. 1965இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஆலைக்குள் கால் வைக்காதவர்களுக்கும், தொழிலாளி வீட்டுக்குக் கொண்டுவந்த அழுக்குத் துணியைத் துவைத்த பெண்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. அதனால கூரை பிரிக்கிற அண்ணன் தூசி படிந்த சட்டையோட வீட்டுக்குப் போனா, அந்தத் தூசி அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

இனி கோபாலபுரத்துக்கு வருவோம். அவ்வை சண்முகம் சாலைக்கும் கதீட்ரல் சாலைக்கும் நடுவில் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாக மாறிக்கொண்டிருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். இந்த மாதிரிப் பழைய வீடுகளில் முக்கியமான கூரை பெரும்பாலும் மரக்கட்டையும் செங்கல்லும் வைத்த மெட்ராஸ் டெரஸ், இல்லையென்றால் காங்கிரீட். அதில் கல்நார் இருக்காது. பிறகு சேர்த்த இடங்களில்தான் தேட வேண்டும். மொட்டைமாடிக் கொட்டகை, கார் ஷெட், பின்பக்கக் கழிவறை, வேலைக்காரர்களுக்கு என்று ஒதுக்கிய அறை. சுவரோரம் இறங்குகிற பழைய மழைநீர்க் குழாய், கக்கூஸ் காற்றுக் குழாய் இவற்றையும் பார்க்க வேண்டும். வேலைக்காரர் அறைக்கு ஷீட், முதலாளி அறைக்கு டெரஸ். வீட்டைக் கட்டும்போதே யார் தலைக்கு எது என்று தீர்மானித்துவிட்டார்கள்.

பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? உறுதியாக முடியாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கி வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் நம் ஊரில் பழைய சாம்பல் நிற நெளி சிமெண்ட் ஷீட் என்றால் கல்நார் என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்தி. ஷீட்டில் ஐ.எஸ். 459 என்ற முத்திரை இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது கல்நார் ஷீட்டுக்கான தர எண். புது ஷீட் என்றால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். பிரிட்டன் 1999இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இல் தடை வந்தது. இந்தியாவில் கல்நார் வெட்டும் சுரங்கங்களுக்கு உரிமம் புதுப்பிப்பதை 1993இல் நிறுத்தினார்கள். ஆனால் ரஷ்யாவிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்து ஷீட் போடுவதைத் தடுக்கவில்லை. கடையில் இன்றும் விற்கிறது.

வீடு கைமாறியதும் என்ன நடக்கிறது? வாங்கியவருக்கு விஷயம் தெரிந்தால் 'முதல்ல அந்த ஷீட்டைத் தூக்கிப் போடுங்க' என்பார். தன் பிள்ளைகளைப் பற்றிய கவலை, அதில் தப்பில்லை. இடிக்கிற காண்டிராக்டர் வருவார். பல சமயம் இவர் கூலி வாங்குவதில்லை, வீட்டுக்காரருக்கே பணம் கொடுப்பார். தேக்குக் கதவு, ஜன்னல், கம்பி, செங்கல், ஷீட் எல்லாவற்றையும் விற்று அதில்தான் அவர் லாபம். அதனால் முழு ஷீட்டுக்கு விலை உண்டு. கொக்கியைச் சுத்தியலால் தட்டி, துருப்பிடித்த போல்ட்டை உடைத்து, நம் சனங்கள் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இறக்குவார்கள். இந்த நாருக்கு அந்தத் துண்டு எந்தத் தடுப்பும் இல்லை. உடைந்தது லாரியில் ரப்பிஷோடு ஏரிக்கரைக்கோ காலி மனைக்கோ போகும். உடையாதது பழைய சாமான் கடைக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஒரு சேரிக் கூரைக்கு ஏறும். கோபாலபுரத்து வீடு சுத்தமாகிவிட்டது. நார் அழியவில்லை, விலாசம் மாறியிருக்கிறது.

2005 கடைசியில் பிரான்சின் கிளெமென்சோ என்ற பழைய போர்க்கப்பலை உடைப்பதற்குக் குஜராத்தின் அலங்குக்கு அனுப்பினார்கள். அதற்குள் கல்நார் இருக்கிறது என்று பெரிய போராட்டம் நடந்து, அந்தக் கப்பலைப் பாதி வழியில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஒரு போர்க்கப்பலையே திருப்ப முடிந்தது. நம் தெருவிலிருந்து கிளம்புகிற ஷீட் லாரியை இதுவரை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிற வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொருவருடைய உடல்நலப் பதிவையும் காக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் மூன்று நாள் கூலிக்கு ஒரு வீட்டை இடித்துவிட்டு நான்காம் நாள் வேறு தெருவுக்குப் போகிறவருக்கு யார் பதிவு வைப்பார்கள்? முப்பது வருஷம் கழித்து மூச்சு வாங்கும்போது எந்த வீட்டு ஷீட் என்று எப்படிச் சொல்வார்? ஆஸ்பத்திரியில் டிபி என்று மருந்து எழுதிக் கொடுத்துவிட்டால், என்ன வேலை செய்தாய் என்ற கேள்வியே வராமல் போய்விடும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. நம் ஆட்கள் ஷீட்டை ஆசைப்பட்டுத்தான் போட்டார்கள். கீற்றுக் கொட்டகை ஒரு நெருப்புப் பொறிக்குத் தாங்காது. 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் செத்த பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொன்னார்கள். குடிசையில் இருந்தவருக்கு ஷீட் வீடு ஒரு படி மேலே. இன்று அவரிடம் போய் அது விஷம், பிரித்துப் போடு என்றால், மாற்றுக் கூரைக்கு யார் பணம் தருவது? அதைக் கேட்காமல் பயத்தை மட்டும் பரப்புவது நம் வேலை இல்லை. ஷீட் வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உடையாத ஷீட்டைத் தொடாதீர்கள். துளை போடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள், மேலே ஏறி நடக்காதீர்கள். உதிர்ந்த தூளை உலர்ந்தபடி பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். பழைய ஷீட்டுக்குப் பதில் இன்னொரு பழைய ஷீட் வாங்காதீர்கள்.

இடிப்பு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஷீட்டுக்குத் தண்ணீர் அடித்து நனைத்த பிறகே கை வையுங்கள். போல்ட்டை நனைத்துக் கழற்றி, ஷீட்டை முழுசாக இறக்குங்கள், மேலிருந்து வீசாதீர்கள். மிஷின் வைத்து அறுக்காதீர்கள். தூசி வடிகட்டுகிற முகமூடி கேளுங்கள். வேலைத் துணியை அங்கேயே மாற்றி, தனியாக நனைத்துத் துவையுங்கள். 1994இல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் ஷீட் இறக்கினோம் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலாளி வைக்காத பதிவை நாம் வைப்போம். எழுதிக் கொடுக்க மாணவர்கள் வரட்டும்.

வாங்குகிறவர்களிடமும் விற்கிறவர்களிடமும் நம் சங்கங்கள் கேட்க வேண்டியது ஒன்று. விலை பேசும்போதே கல்நாரை எடுக்கிற செலவையும் பேசுங்கள். இடிக்கிற ஒப்பந்தத்தில் மூன்று வரி எழுதுங்கள்: நனைத்து இறக்க வேண்டும், மறுபடி விற்கக் கூடாது, பிளாஸ்டிக்கில் சுற்றி அபாயக் கழிவு வாங்கும் இடத்துக்கு அனுப்பி ரசீது வாங்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுக்கென்று புதைகிடங்கு இருக்கிறது. தூரம், செலவு என்பார்கள். கோடிக் கணக்கில் மனை வாங்குகிறவருக்கு அந்தச் செலவு தாங்கும். அதை மிச்சம் பிடித்தால் நம் ஆளின் நுரையீரல்தான் அதைக் கட்டப்போகிறது. மாநகராட்சியிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. இடிக்க அனுமதி கேட்கிற மனுவிலேயே, கல்நார் இருக்கிறதா, எங்கே போகிறது என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொல்வோம்.

இந்த வாரமே இந்தத் தெருக்களில் நடந்து, இடிக்கக் காத்திருக்கிற வீடுகளையும் அவற்றில் இருக்கிற ஷீட்டையும் எண்ணிக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசுவோம்.