பந்தைக் கொடுத்தவர் அடுத்து எங்கே நிற்கிறார்? ஆர்சனலின் இரண்டு பருவங்கள்

(போன மாத வாசிப்பு வட்டத்தில் பேசினதை எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பேச்சு வழக்கை முழுக்கத் திருத்தவில்லை.)



போன முறை கிராம்ஷி, இந்த முறை உதைபந்தாட்டமா என்று பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிச்சது எனக்குக் கேட்டது. பரவாயில்லை. ஆட்டமே பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறீங்கள், அதனால் விளக்கிக்கொண்டே போறன். என்னுடைய கேள்வி ஒன்றுதான்: ஒரு அணி பந்தைத் தங்களுக்குள் கொடுத்து வாங்குகிற விதம் ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் இடையில் ஏன் மாறுது? உதாரணம் ஆர்சனல். 2022-23, அதுக்கடுத்த 2023-24.

ஏன் ஆர்சனல் என்று கேட்டால், அப்பா ஆர்சனல். லண்டனுக்கு வந்த புதுசில் பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலை, வானொலியில் ஆட்ட வர்ணனை. அவருடைய முதல் ஆங்கிலம் அங்கேயிருந்து வந்தது. வீட்டில் நான் அரசியல் கதைக்கத் தொடங்கினால் சண்டையில் முடியும், ஆட்டம் கதைச்சால் தேத்தண்ணி வரும். அதனால் இந்தப் பேச்சில் பாதி அவரோடு கதைச்சதுதான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. பாஸ் கொடுக்கிறது இயல்பாக வந்த ஒன்றில்லை. 1870களில் இங்கிலாந்துப் பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள் ஆடிய ஆட்டத்தில், பந்து கிடைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு தானே கொண்டு ஓடுவார். மற்றவர்கள் பின்னால் ஓடி, அவர் பறிகொடுத்தால் எடுப்பார்கள். 1872 நவம்பர் 30, முதலாவது சர்வதேச ஆட்டம், ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும். ஸ்கொட்லாந்து அணி முழுக்கக் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கழக ஆட்டக்காரர்கள். ஆள் பருமனில் சிறியவர்கள், மோதி வெல்ல ஏலாது. ஆனால் ஒன்றாய் ஆடிப் பழகினவர்கள், பந்தைத் தங்களுக்குள் கொடுத்து வாங்கினார்கள். ஆட்டம் 0-0.

1883இல் இங்கே லண்டனில், கெனிங்டன் ஓவலில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம். ஒரு பக்கம் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். மறுபக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக், நெசவாலைத் தொழிலாளர்கள் ஆடிய அணி. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீளப் பாஸ் போட்டு 2-1 என்று வென்றார்கள். அதற்குப் பிறகு பழைய மாணவர் அணி எதுவும் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. மூன்று வருசம் கழித்து, 1886இல், வூலிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கினதுதான் ஆர்சனல். இதைக் கேட்டுக் கை தட்டவேண்டாம், அந்த ஆயுதங்கள் எந்தப் பேரரசுக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, விதி மாறினாலும் பாஸ் மாறும். 1925இல் ஓஃப்சைட் விதியைத் தளர்த்தினார்கள். முன்னுக்கு நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணி ஆட்கள் மூன்று பேர் நிற்கவேண்டும் என்றிருந்தது இரண்டு பேர் போதும் என்றானது. அந்த ஒக்டோபரில் ஆர்சனல் நியூகாசிலிடம் 7-0 என்று தோற்றது. அதற்குப் பிறகுதான் ஹேர்பேர்ட் சாப்மனும் சார்லி புக்கனும் நடுவில் ஆடியவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது காவலாளி ஆக்கினார்கள். 2019இலும் ஒரு மாற்றம்: கோல் காப்பாளர் உதைக்கிற பந்தைச் சொந்த ஆட்கள் பெனல்ட்டி பகுதிக்குள்ளேயே வாங்கலாம். இன்றைக்கு எல்லோரும் கோல் வாசலில் நின்று சின்னச் சின்னப் பாஸ் போடுவது கூடினதில் அந்த விதிக்கும் பங்கு உண்டு. பொருளியல் நிலைமை மாறாமல் சிந்தனை மட்டும் மாறாது என்று நாங்கள் படிக்கிறமே, அதேதான்.

சரி, இப்ப 2022-23.

அந்தப் பருவத்தில் பயிற்றுநர் மிக்கேல் ஆர்டேட்டா செய்த முக்கியமான விசயம் இடது பின்வரிசை ஆட்டக்காரரைப் பற்றியது. மன்செஸ்டர் சிற்றியிலிருந்து வந்த ஸின்சென்கோ. பந்து ஆர்சனலிடம் இருக்கும்போது அவர் ஓரத்தில் நிற்கமாட்டார், நடுக்களத்துக்குள் வந்துவிடுவார். நடுவில் ஒரு ஆள் கூடினால் பாஸ் வாங்க ஒரு கால் கூடும். அதனால் நடுவில் நின்ற ஷாக்கா முன்னுக்குப் போகலாம். அந்தப் பருவம் அவர் லீக்கில் 7 கோல் அடித்தார். பார்க்க அவ்வளவு வடிவு. மொத்தம் 88 கோல்.

ஆனால் ஸின்சென்கோ விட்டுவந்த இடம் வெறுமையாகக் கிடக்கு. பந்து பறிபோனால் எதிரணி அங்கேதான் ஓடும். அதை மூடினது யார்? கப்ரியேலும் சலிபாவும். சலிபாவுக்கு வேகம் உண்டு, தனியாக நின்று சமாளிப்பார். அவர் பின்னுக்கு நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் மற்றவர்கள் துணிந்து முன்னுக்கு நின்றார்கள், துணிந்து பாஸ் கொடுத்தார்கள். முன்னால் ஓடின அந்த அழகான பாஸுக்குள் பின்னால் நின்றவருடைய வேலை இருந்தது. தொலைக்காட்சி காட்டினது பாஸை மட்டும்.

2023 மார்ச் 16, ஸ்போர்டிங் லிஸ்பனோடு ஆட்டம். சலிபாவுக்குக் காயம். அதே ஆட்டத்தில் டொமியாசுவுக்கும் காயம். ரெண்டு பேருக்கும் பருவம் முடிஞ்சுது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆர்சனல் 8 புள்ளி முன்னுக்கு நின்றது, சிற்றி ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருந்தது. அதற்குப் பிறகு லிவர்பூலில் 2-0 முன்னிலை, முடிவு 2-2. வெஸ்ட் ஹாமில் 2-0 முன்னிலை, முடிவு 2-2. பிறகு கடைசி இடத்தில் கிடந்த சௌதாம்ப்டனோடு சொந்த மைதானத்தில், ஆட்டம் தொடங்கி அரை நிமிசம்கூட ஆகவில்லை, கோல் காப்பாளர் ராம்ஸ்டேல் கொடுத்த பாஸை எதிரணி பறித்துக் கோல் அடித்தது. 3-3. அடுத்தது சிற்றியிடம் 4-1. 248 நாள் முதலிடத்தில் நின்ற அணி இரண்டாவதாக முடித்தது.

அப்பா அந்தப் பிழையான பாஸுக்கு ராம்ஸ்டேலைத் திட்டினார். நானும்தான். ஆனால் பிறகு திருப்பிப் பார்த்தபோது எனக்குப் பட்டது வேறு. பின்வரிசையில் ஒரு ஆள் மாறினால் எல்லோரும் ரெண்டு அடி பின்னுக்குப் போகிறார்கள். ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் தூரம் கூடுது. தூரம் கூடினால் முன்பு சுகமாகப் போன அதே பாஸ் ஆபத்தாகுது. பிழை விட்டது ஒரு கால், ஆனால் அந்தப் பிழைக்கு இடம் வைத்தது முழு அமைப்பும்.

2023-24க்கு என்ன செய்தார்கள்? டெக்லன் ரைஸை வெஸ்ட் ஹாமிடமிருந்து 10 கோடி பவுண் கொடுத்து வாங்கினார்கள், மேலே இன்னும் 50 இலட்சம் வரை. ஷாக்கா ஜெர்மனிக்குப் போய்விட்டார், ஹவேர்ட்ஸ் வந்தார். கோலுக்கு ராயா. இடது பக்கத்துக்கு ரிம்பர் வந்து முதல் லீக் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. பருவத்தின் பிற்பகுதியில் ஸின்சென்கோவின் இடத்தில் பல ஆட்டங்களுக்குக் கிவியோர் ஆடினார், அவர் அடிப்படையில் நடுப் பின்வரிசைக்காரர். அதாவது, அந்த வெறுமையான இடத்தில் ஒரு ஆளை நிற்க வைத்தார்கள்.

பாஸும் மாறியது. பருவத் தொடக்கத்தில் போன வருசத்து வேகம் இல்லை, சலிக்குது என்று ரசிகர்கள் புறுபுறுத்தார்கள். ஆபத்தான இடத்தில் பந்தை இழக்காமல், பொறுமையாகப் பக்கம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தேவைப்பட்டால் உயரத் தூக்கியும் அடித்தார்கள். 2023 ஒக்டோபரில் சிற்றியை 1-0 வென்ற ஆட்டத்தின் கோலை நினைச்சுப் பாருங்கோ: ஒருவர் தூக்கிப் போட, டொமியாசு தலையால் தட்ட, ஹவேர்ட்ஸ் தாங்கிக் கொடுக்க, மார்ட்டினெல்லி அடித்தார். சம்பந்தப்பட்ட நாலு பேரும் அன்றைக்கு இடையில் மாற்றாக இறங்கினவர்கள். 2024 மார்ச் 31, சிற்றியின் மைதானம், போன வருசம் 4-1 வாங்கின அதே இடம். இந்த முறை பந்தைப் பெரும்பாலும் அவர்களிடம் விட்டுவிட்டு, இடத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். 0-0.

கணக்கைப் பாருங்கோ. வாங்கிய கோல் 43இலிருந்து 29ஆகக் குறைந்தது. கவனமாய் ஆடினால் கோல் அடிக்க ஏலாது என்பார்கள், ஆனால் அடித்த கோலும் 88இலிருந்து 91 ஆனது. புள்ளி 84இலிருந்து 89. அப்படியும் கிண்ணம் இல்லை, சிற்றி 91. அதையும் சொல்லத்தான் வேணும். சரியாய்ச் செய்தால் வெற்றி நிச்சயம் என்று நான் இங்கே கதை விட வரவில்லை.

இப்ப எங்கட விசயம்.

போன வருசம் இந்தக் கூட்டுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மடல், மொழிபெயர்ப்பு, மண்டபம் பிடிக்கிறது, ஊர்வலத்துக்குப் பதாகை, எல்லாம் ரெண்டு பேருடைய தலையில். ஒருவருடைய அம்மா ஆஸ்பத்திரியில், மற்றவருக்கு ஆய்வேடு முடிக்கவேணும். மூன்று மாதம் மடலே வரவில்லை. அப்ப நாங்கள் கதைச்சது என்ன? யாருக்கு அர்ப்பணிப்பு இல்லை என்று. மடலில் வந்த ஒரு பிழையான திகதிக்கு ஒரு தோழரைக் குழுவில் வைத்துக் கிழிச்சம். அதில் நானும் இருந்தன். அவர் பிறகு கூட்டத்துக்கு வாறதில்லை. அவர் விட்டது ஒரு பிழையான பாஸ். அவருக்குப் பின்னால் அன்றைக்கு யாரும் நிற்கவில்லை, அது என்னுடைய பிழையும்தான்.

எங்களிடம் 10 கோடி பவுண் இல்லை, ரைஸை வாங்க ஏலாது. ஆர்சனலை முன்மாதிரியாகவும் எடுக்கத் தேவையில்லை. 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் என்று பணக்காரக் கழகங்கள் தங்களுக்குள் ஒரு வேலி போடப் பார்த்தபோது அதில் ஆர்சனலும் இருந்தது. பின்வாங்க வைத்தது ரசிகர்களுடைய எதிர்ப்பு. பின்வாங்கின பிறகும் மைதானத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் நின்று உரிமையாளரைப் போகச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது கழகமில்லை, அந்த ரெண்டு பருவத்துக்கு இடையில் அவர்கள் கேட்ட கேள்வி: நாங்கள் முன்னுக்குப் போகும்போது பின்னால் யார் நிற்கிறது?

இதுக்கு நடைமுறையில் மூன்று விசயம் சொல்லுறன். ஒன்று, எந்த வேலைக்கும் ரெண்டு பேர், அதில் ஒருவர் இப்பதான் பழகுகிறவராக இருக்கட்டும். ரெண்டு, ஒரு போராட்டத்துக்குத் திகதி குறிக்கும்போதே அடுத்த கிழமை யார் ஓய்வு என்றும் குறிப்பம். மூன்று, ஒரு வேலையைக் கைமாற்றினவர் அத்தோடு போய்விடக்கூடாது. பந்தைக் கொடுத்தவர் திருப்பி வாங்கக்கூடிய இடத்துக்கு நகரவேணும், இல்லாவிட்டால் அது பாஸ் இல்லை, தலையில் கட்டிவிடுகிறது.

இதனால் வேகம் குறையும். சலிக்குது என்று எங்களுக்குள்ளேயே புறுபுறுப்பு வரும். வரட்டும்.

அந்தத் தோழருக்கு நான் போன கிழமை எழுதினன், மன்னிப்புக் கேட்டு. பதில் இன்னும் வரவில்லை. இதை வாசிச்சால், தோழர், உங்கட இடம் அப்படியேதான் இருக்கு. இந்த முறை பின்னால் நான் நிற்கிறன்.