எடைக் களத்தில் விசுவாசம்

சேர்வராயன் மலையில் கொட்டச்சேட்டிலிருந்து பேச வந்திருக்கிறேன். குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறியவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரிந்திருக்கும். அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி வருகிறவர்கள் எங்களைப் பார்க்காமலே ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள். அடுத்த முறை இந்தப் பக்கமும் வாருங்கள்.

விசுவாசத்தை அன்றாட நடத்தையில் காட்டுவது எப்படி என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. வீடு, வேலை, ஊர் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுங்கள் என்றார்கள். வேலையிலிருந்தே தொடங்குகிறேன். காபித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவனுக்கு அதுதான் முதலில் வாயில் வருகிறது.

சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்று முதல் இன்று வரை எங்கள் பிழைப்பு காபியோடுதான். நவம்பர் பிறந்தால் பழம் பறிப்பு. சாயங்காலம் எடைக் களத்தில் வரிசை நிற்கும். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து பெண்கள் வருவார்கள். தராசில் ஏற்றி, எடையைச் சொல்லி, பேரேட்டில் எழுதி, சீட்டுக் கொடுப்பது ரைட்டர் வேலை. ஒரு கிலோ காபிக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். காலையிலிருந்து செடி செடியாகக் கிளையை வளைத்து, பச்சைக் காயை விட்டுவிட்டுச் சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளிய கையின் கூலி, நான் வாயால் சொல்லும் ஒரு எண்ணில் இருக்கிறது.

அந்த எண்ணில் விளையாடுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? சாக்குக்கு ஒரு கழிவு. மழையில் நனைந்த பழம் என்று இன்னொரு கழிவு. முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் கீழ்க்கோட்டைச் சொல்வது. யாரும் கேட்க மாட்டார்கள். இருட்டுகிறது, வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும், ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த தோட்டத்தில் வயதான மேஸ்திரி ஒருவர் இருந்தார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், எழுந்து சாட்சி சொல்லி நான் கேட்டதே இல்லை. முதல் நாள் களத்துக்கு வந்து பார்த்தார். தராசின் முகம் என்னைப் பார்த்து இருந்தது. ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கி, பறித்தவர்களைப் பார்க்கத் திருப்பி வைத்தார். "தம்பி, அவங்க படிச்சுச் சொல்லட்டும், நீ எழுது" என்றார். "எழுத்துத் தெரியாதவங்க இருக்காங்களே, அண்ணே" என்றேன். "முள்ளு எங்க நிக்குதுன்னு பார்க்க எழுத்து எதுக்கு?" என்றார். அவ்வளவுதான். நான் கேட்ட பிரசங்கங்களில் இவ்வளவு சுருக்கமானது வேறு இல்லை.

வேதத்தில் கள்ளத்தராசைக் கடவுள் வெறுப்பதாகப் பல இடத்தில் வருகிறது. வரி வசூலித்த சகேயு என்ன செய்தான்? அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஊர் கேட்கச் சொன்னான். கவனியுங்கள், மனம் திரும்பியதை அவன் கணக்கில்தான் காட்டுகிறான்.

காபியிடமும் பொய் செல்லாது, நேயர்களே. பழத்தின் தோலை உரித்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்தால் வருவது பார்ச்மென்ட். பதமாகக் காய்ந்ததா என்று பார்க்க 40 லிட்டர் அளவை ஒன்று உண்டு. அரபிகா பார்ச்மென்டை அதில் நிரப்பினால் 15.5 கிலோ இருக்க வேண்டும். கூட இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். ஒரு தரகர் சொன்னார்: "ஒரு நாள் முன்னாடியே மூட்டை கட்டிடுங்க, ஈரமும் எடைதானே." ஈரம் எடைதான். ஆனால் மூட்டைக்குள் பூசணம் பிடித்து, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு டம்ளரில் அந்த நாற்றம் வரும். கண்ணால் காணாத அந்த மனிதருக்கும் நாம் உண்மையாக இருக்க வேண்டுமா என்று கேட்டால், அங்கேதான் விசுவாசம் வேலைக்கு வருகிறது என்பேன்.

இதைக் கிறிஸ்தவர்களின் தனிச் சொத்தாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டு எழுதிய பையன் ஒருமுறை கூட்டலில் தவறி, இந்த மலையின் பழங்குடியான மலையாளி இனத்து அம்மா ஒருவருக்குக் கூலி கூடுதலாகப் போய்விட்டது. மறுநாள் விடிவதற்குள் காட்டுப்பாதையில் நடந்து வந்து மீதியை மேசையில் வைத்தார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர் அவர்; எங்கள் ஆலய வாசலை மிதித்ததில்லை. அந்தக் காசு மேசையில் விழுந்தபோது, ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் உட்காரும் நான் என் இருக்கையைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன்.

ஆகவே நம் விசுவாசத்துக்குச் சான்றிதழ் முன் வரிசை இருக்கை தராது; வெளியாள்தான் தர வேண்டும். அப்படிச் சான்றிதழ் வாங்கிய ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ். ஜெர்மனிக்காரர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798இல் தஞ்சையிலேயே காலமானவர். 1779இல் மைசூரை ஆண்ட ஐதர் அலியிடம் பேச ஆங்கிலேயர் அவரைத் தூது அனுப்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் பேச்சில் ஐதருக்கு நம்பிக்கை இல்லை. இந்தப் பாதிரியாரை மட்டும் நம்பினார். சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஐதர் 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைச் சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப் போனார். அவர்கள் வேண்டாம் என்றதும், தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு வைத்துவிட்டார். தூது பலிக்கவில்லை. அடுத்த ஆண்டே ஐதர் படையெடுத்தார். ஆனால் அந்தச் சண்டைக்கு நடுவிலும், பாதிரியாரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று தன் ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தார்.

அந்தப் போரில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது, சுமக்க மாடும் இருந்தது. ஆனால் குடியானவர்கள் கொண்டுவரவில்லை. முன்பு கொடுத்ததற்கு ஒழுங்காகக் காசு வந்ததில்லை. அரசர் சொன்னார், அதிகாரிகள் சொன்னார்கள், யாரும் நகரவில்லை. 'என் கையால் நானே காசு கொடுக்கிறேன்' என்று சுவார்ட்ஸ் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போயிற்று. ஒருவன் வாக்கின் எடை அவ்வளவு! பின்னாளில் அவருக்குப் பளிங்கில் நினைவுச் சிற்பம் வைத்தவர் தஞ்சை மன்னர் சரபோஜி. மன்னர் கடைசி வரை இந்துவாகவே இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தஞ்சையில் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய ஆலயத்தில் அந்தச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம்.

நேரம் ஓடிவிட்டது; ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. வாசலில் கடன்காரர் நிற்க, 'அப்பா இல்லைன்னு சொல்லு' என்று பிள்ளையை அனுப்பும் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு ருசி இருக்காது. ஊரைப் பற்றி ஒன்று. சபைக் கணக்கானாலும், சுய உதவிக் குழுக் கணக்கானாலும், கோயில் வரியானாலும், கேட்பதற்கு முன்பே நோட்டை எல்லோர் முன்னாலும் விரித்து வையுங்கள். "என்னை நம்பவில்லையா?" என்று கோபப்படுகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருங்கள். மேஸ்திரி தராசைத் திருப்பியதும், சுவார்ட்ஸ் ஐதர் கொடுத்த காசை அரசாங்கத்திடம் கொண்டுபோனதும் ஒரே காரியம்தான். சரிபார்க்கிற உரிமையை எதிராளி கையில் கொடுத்துவிட்டார்கள்.

பறிப்புக் காலம் வந்துகொண்டிருக்கிறது. இந்த வருடம் எங்கள் மலையில் ஒவ்வொரு களத்திலும், கீழே உங்கள் கடையிலும் அலுவலகத்திலும், "எண்ணிப் பார்த்துக்கிட்டுப் போங்க" என்று தானே முன்வந்து சொல்கிற ஒருவராவது இருக்கட்டும். அவர் எந்த ஆலயத்துக்குப் போகிறவர் என்று ஊர் அப்புறம் விசாரித்துக்கொள்ளும்.