கையேடு இல்லாத கருவி

(குருநகரில் கூடிய கடற்றொழிலாளர், கமக்காரர், ஆசிரியர், வாலிபர் முன்னிலையில் நியாயவாதி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையிலே என்னைக் கண்டு பழகிய உங்களுக்கு, இன்று நான் கணினியைப் பற்றிப் பேச வந்திருப்பது வியப்பாயிருக்கலாம். "அப்புக்காத்தருக்கு வழக்குக் குறைந்துவிட்டதோ?" என்று வாசலிலே ஒரு பெரியவர் கேட்டார். வழக்குக் குறையவில்லை, ஐயா. ஒரு வழக்கிலிருந்துதான் இந்தப் பேச்சே பிறந்தது.

கூட்டுறவுச் சங்கம் ஒன்று. அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. தாம் கட்டிய கடன் தவணைகள் கணக்கில் ஏறவில்லையென்று அதன் அங்கத்தவர் ஒருவர் என்னிடம் வந்தார். பற்றுச்சீட்டுகள் அவர் கையில் இருந்தன; கணக்கோ கணினிக்குள் இருந்தது. அதை அமைத்தவன் கெட்டிக்காரப் பையன். 'லிபரே ஓபிஸ்' என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, சங்கத்துக்கு ஒரு சதமும் செலவின்றி, விரிதாளில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். 2022இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தபோது, எத்தனையோ பேரைப் போல அவனும் கடல் கடந்துவிட்டான். அவனுக்குப் பின் அந்தக் கணக்கைத் தொட்டவர்கள், புதிய வரிகளை மொத்தக் கூட்டலின் எல்லைக்கு வெளியே எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள். இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்ட வரிகளை மாத்திரம் பிழையின்றிக் கூட்டிக்கொண்டிருந்தது. விளைவு என்ன? பொருளாளர் எட்டு மாத காலம் கள்ளன் என்ற பெயரோடு தெருவில் நடந்தார். அவருடைய மகளின் கலியாணப் பேச்சுங்கூடத் தடைப்பட்டது.

எந்த வரியிலிருந்து எந்த வரிவரை கூட்டப்படுகிறது என்பதை எப்படிப் பார்ப்பது, எப்படி மாற்றுவது என்று தமிழிலே அரைப் பக்கம் அச்சிட்டு அந்த மேசையில் ஒட்டியிருந்தால், இத்தனையும் நேர்ந்திராது. மென்பொருள் இருந்தது, கையேடு இருக்கவில்லை.

இந்தக் குறை நமக்கு மாத்திரம் உரியதன்று. 1983இல் 'குனு' திட்டத்தை அறிவித்து, மென்பொருளை எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமை வேண்டுமென்று இயக்கங் கண்டவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். கட்டற்ற இயங்குதளங்களின் பெருங்குறை மென்பொருளில் இல்லை, நல்ல கட்டற்ற கையேடுகள் இல்லாமையே என்று அவரே எழுதியிருக்கிறார். கருவியைச் செய்பவனுக்குப் புகழுண்டு. அதைப் பயன்படுத்தும் முறையை எழுதுபவனுக்கு அது அத்தனை எளிதிற் கிட்டுவதில்லை. எனவே அந்த வேலைக்கு ஆள் வருவதும் அரிது.

ஆயினும் வந்தவர்கள் உண்டு. லிபரே ஓபிஸ் 2010 செப்டெம்பரிலே தனி வழி கண்டது. அதன் வழிகாட்டி நூல்களைப் பல நாடுகளிலுமுள்ள தன்னார்வலர்கள், ஒருவர் முகத்தை மற்றவர் காணாமலே எழுதிவருகிறார்கள். ஒவ்வோர் அத்தியாயமும் தனிக் கோப்பு. ஒருவர் எழுதுவார், இன்னொருவர் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்ப்பார், வேறொருவர் நூலாகத் தொகுப்பார். எந்தப் பதிப்புக்கு உரியது, யார் யார் உழைத்தார்கள் என்பதெல்லாம் முன்பக்கத்திலேயே காணப்படும். அச்சிடத் தக்க வடிவத்திலும், திருத்தத் தக்க வடிவத்திலும் இரண்டாக வெளியிடுகிறார்கள். அந்த இரண்டாவதைக் கவனியுங்கள். அச்சு வடிவம் மாத்திரம் கிடைத்தால் நாம் வாசகர்கள். திருத்தும் வடிவமும் கிடைத்தால் நாம் பங்காளிகள்.

தமிழிலும் முன்னோடிகள் இல்லாமலில்லை. 1998இல் சுவிற்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவமாக்கியது. 2005இல் ஈழத்து நூல்களுக்காக நூலகம் திட்டம் எழுந்தது. 2012இல் தமிழகத்தில் த. சீனிவாசன் முதலியோர் தொடங்கிய 'கணியம்' இதழ், கட்டற்ற மென்பொருளையே தன் பொருளாகக் கொண்டது. அந்த வழியில் து. நித்யா எளிய தமிழில் எழுதிய நூல்களை எவரும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

இங்கே என் தொழிலுக்குரிய ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு நூலின் உரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள்வரை நிற்கிறது. ஆகவே, கடையில் வாங்கிய கணினி நூலைப் பிரதியெடுத்து வகுப்பிலே விநியோகிக்கும் ஆசிரியர், நல்ல எண்ணத்தோடுதான் செய்தாலும், சட்டத்தின் வாசலில் நிற்கக்கூடும். இந்தத் தன்னார்வக் கையேடுகளின் நிலை வேறு. நமது காணி உறுதிகளிலே "கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் பாத்தியதையும்" என்று எழுதுகிறோமல்லவா? கிணறு உன்னுடையதுதான், ஆயினும் பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் போவதை நீ மறிக்க முடியாது. 'கிரியேட்டிவ் கொமன்ஸ்' உரிமங்களில் 'அதேவகைப் பகிர்வு' என்று ஒன்றுண்டு. அதன் நியாயமும் ஏறக்குறைய இதுவே: எழுதியவர் பெயரைச் சொல், திருத்தினால் உன் திருத்தத்தையும் அதே பாத்தியதையோடு மற்றவர்க்கு விடு. கமக்காரர் எவருக்கும் இதை நான் இரண்டாவது தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை. படித்தவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது!

"எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கும்போது கடதாசி எதற்கு?" என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். 1990இன் பின் மின்சாரமின்றி ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடாநாட்டிலே, போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். அச்சிட்ட தாளுக்கு மின்னேற்றம் தேவையில்லை என்பதை எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதற்கும் மேலான காரணம் ஒன்றுண்டு. கணினித் திரையிலே வேலை செய்துகொண்டு அதே திரையிலே வழிமுறையையும் வாசிப்பது புதியவருக்கு இயலாத காரியம். ஐம்பது வயதுப் பொருளாளருக்குக் கையில் ஒரு தாள் வேண்டும். அதில் அவர் பென்சிலால் கோடு போட வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லுகிறேன். 2022 மார்ச்சிலே தாள் இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்ட நாடு இது. நானூறு பக்க நூலை அச்சிட்டு அலுமாரியில் அடுக்குவதற்கு நான் உடன்பட மாட்டேன். மென்பொருள் மாறும், நூல் பழசாகும். ஒரு வேலைக்கு ஒரு தாள், இரு பக்கமும் அச்சு, மூலையிலே பதிப்பிலக்கமும் திகதியும் — அதுவே நமக்குப் போதும்.

இனிச் சொற்களின் சங்கதி. தமிழகத்தார் சொல்லா, நம்முடைய சொல்லா என்று சண்டைபிடித்து ஆறு மாதத்தைப் போக்கடிக்க நம்மால் முடியும். அதிலே நமக்குத் தேர்ச்சி அதிகம். என் தீர்ப்பு இதுதான்: திரையிலே என்ன சொல் தோன்றுகிறதோ, அதே சொல் தாளிலும் வரவேண்டும். அச்சொல் பிழையென்று கண்டால், தாளில் மாற்றாதீர்கள். மென்பொருளின் மொழிபெயர்ப்பிலேயே போய்த் திருத்துங்கள். அதற்குத் தன்னார்வலருக்கு வாசல் திறந்தே இருக்கிறது.

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். பின்பு தமிழுக்கு மாறினார். தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். அன்னியர் ஒருவர் நம் பாஷையிலே சத்திரசிகிச்சையை எழுத முடிந்ததென்றால், கடன் கணக்கைக் கூட்டும் விதத்தை நாம் எழுத முடியாதா?

1961இலே தமிழுக்காகக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். அரசாங்கம் தமிழிலே கடிதம் அனுப்பவில்லையென்று இன்றும் மனுப் போடுகிறோம், போடத்தான் வேண்டும். 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன்படி நடக்கும்வரை நான் ஓயப்போவதில்லை. ஆனால் எவருடைய உத்தரவும் வேண்டாத, எவரும் தடுக்காத இடமாகிய நமது சங்கக் கந்தோரின் கணினியிலே ஆங்கிலத்தை வைத்துக்கொண்டிருப்பது யார் குற்றம்? தமிழ் இடைமுகம் அங்கேயே இருக்கிறது. அதைத் தெரிவுசெய்யும் முறையை ஒருவரும் எழுதித் தரவில்லை.

காலமும் நெருக்குகிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு 'விண்டோஸ் 10'க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பல புதிய பதிப்பை ஏற்கமாட்டா. கடன்பட்டுப் புதிதாக வாங்குவதா, லினக்ஸ் ஏற்றி இன்னும் சில ஆண்டு ஓட்டுவதா என்று சங்கங்களும் பாடசாலைகளும் முடிவெடுக்க வேண்டும். கையேடு இருந்தால் இரண்டாவது வழி திறக்கும்.

ஆகவே, வேலைக்கு வருவோம். முதலில் பன்னிரண்டு தாள்கள். கூட்டல் எல்லையைச் சரிபார்க்கும் தாளே முதலாவது. அதை அந்தப் பொருளாளரே எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுதியதைச் சரிபார்ப்பவர், அந்த மென்பொருளை முன்பு தொடாதவராக இருக்கவேண்டும். வலை வாடியிலிருந்து இருவரும் தோட்டக்காரர் இருவரும் வாருங்கள். நீங்கள் தடுமாறும் இடமே நாங்கள் திருத்தவேண்டிய இடம். அச்சகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: பாமினி எழுத்துருவில் கோர்க்க வேண்டாம், ஒருங்குறியில் கோர்த்தால்தான் அடுத்த ஊரார் அதை எடுத்துத் திருத்த முடியும். உரிமப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன், கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு இதே இடத்தில் கூடுவோம். பழைய கணினி வைத்திருப்பவர்கள் அதைத் தூசி தட்டிக் கொண்டுவாருங்கள், மின்கம்பியையும் மறவாதீர்கள்.