முகிலும் கோப்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராயினார் இலக்கணமோ இலக்கியமோ பேசுதலே முறை. அங்ஙனமிருக்க, யாம் கணினியைப் பற்றிப் பேச எழுந்தது என்னையெனச் சிலர் ஐயுறலாம். அவ்வையம் தக்கதே. யாம் பொறியியல் கற்றேமல்லேம். எனினும் ஒரு பொருளின் இயல்பறியாது கையாண்டு இழப்புற்றோர், அவ்விழப்புப் பிறர்க்கும் நேராவண்ணம் எடுத்துச் சொல்லுதல் கடனாம் என்று கருதியே இப்பொருளை மேற்கொண்டேம். எம் இழப்பு இன்னதென்பதைப் பின்னர்க் கூறுவேம்.

இந்நாளில் கணினியிலும் கைப்பேசியிலும் நாம் எழுதுவனவும், படம் பிடிப்பனவும், ஒலிப்பதிவு செய்வனவும் 'கிளவுட்' என்னும் முகிலிற் சென்று சேர்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. முகில் என்ற பெயர் ஒரு மயக்கத்தை விளைவிக்கின்றது. வானத்தில் எங்கோ அழிவின்றி நிலவும் ஓரிடம் அதுவெனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மண்மேல் நிற்கும் கட்டடம். அக்கட்டடத்துள் அடுக்கப்பட்ட பிறருடைய கணினிகள். நெருப்பு அவற்றையும் சுடும். பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் 2021 மார்ச்சு 10இல் இத்தகைய தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தழிந்தது. தென்கொரியாவில் டேஜான் நகரத்து அரசாங்கத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26இல் தீப்பற்றியபோது, அரசு அலுவலர் தம் பணிக் கோப்புக்களை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்னும் சேமிப்பு முற்றும் அழிந்தது. அழிந்தது 858 டெராபைட்டு என அறிவிக்கப்பட்டது. அதற்கு வேறிடத்திற் படி இல்லை.

இங்ஙனம் தீயால் அழிவது அரிது. பெரும்பாலோர் கோப்புக்களை இழப்பது தம் கையாலேயே. அதற்குக் காரணம் ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு என்பதை அறியாமையாம்.

நம் முன்னோர் ஓலை பழுதுற்ற காலத்து, அதனைப் பார்த்துப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதிய பின்னர், பழைய சுவடியைக் கறையான் அரித்தாலும் புதியது அரிபடாது. ஒன்றிற் பிழை நேரினும் மற்றொன்றில் நேராது. இதுவே காப்புப்படி. ஒத்திசைவோ கண்ணாடியிற் காணும் உருவத்தை ஒப்பது. நெற்றியில் திலகம் இட்டால் கண்ணாடியுருவிலும் தோன்றும். அழித்தால் அங்கும் அழியும். கணினியிலுள்ள கோப்புறையும் முகிலிலுள்ள கோப்புறையும் எஞ்ஞான்றும் ஒரே தன்மையாய் இருத்தல் வேண்டும் என்பதே ஒத்திசைவின் நோக்கம். டிராப்பாக்ஸ் 2008இலும், ஐகிளவுட் 2011இலும், கூகுள் டிரைவ் 2012இலும் பொதுமக்கட்கு வந்தன. ஸ்கைடிரைவ் என முன்னர் வழங்கியது 2014இல் ஒன்டிரைவ் எனப் பெயர் மாறிற்று. இவையெல்லாம் அடிப்படையில் இவ்வொத்திசைவையே செய்கின்றன.

இனி, அஃது யாங்ஙனம் நிகழ்கின்றது என்பதைக் காண்போம். நம் கணினியில் ஒரு செயலி கணக்கப்பிள்ளையைப் போல ஓயாது விழித்திருக்கின்றது. அது மூன்று பேரேடுகளை வைத்திருப்பதாகக் கொள்க. கணினியில் இப்பொழுது உள்ள கோப்புக்கள் ஒரு பேரேட்டில். முகிலில் இப்பொழுது உள்ளவை மற்றொன்றில். இரண்டும் ஒத்திருந்த கடைசி நிலை மூன்றாவதில்.

இரண்டு பேரேடுகளே போதாவோ, மூன்றாவது எற்றுக்கு என வினவலாம். ஒரு கோப்புக் கணினியில் உளது, முகிலில் இல்லை. இஃது எதனால் நேர்ந்தது? புதிதாக இங்கு எழுதப்பட்டு இன்னும் அங்குச் செல்லாமையாற் கூடும். இரண்டிடத்தும் இருந்து, அங்கு மட்டும் நீக்கப்பட்டமையாலும் கூடும். முன்னதாயின் அங்கு ஏற்றுதல் வேண்டும். பின்னதாயின் இங்கும் நீக்குதல் வேண்டும். செய்கைகளோ ஒன்றற்கொன்று மாறானவை. கண்முன் காண்பது இரண்டிற்கும் ஒன்றே. மூன்றாம் பேரேட்டைப் புரட்டினாலன்றித் துணிதல் இயலாது. அக்கோப்பின் பெயர் அதில் இருப்பின், முன்பு இரண்டிடத்தும் இருந்தது, பின்னர் அங்கு நீக்கப்பட்டது என்று தெளிந்து இங்கும் நீக்கும். இல்லையாயின் புதியதெனக் கொண்டு ஏற்றும். இவ்வொரு முறைமையை உளங்கொண்டார்க்கு ஏனைய யாவும் எளிதில் விளங்கும்.

ஒரு கோப்பு மாறிற்றா என்பதனை அஃது அறிவது எங்ஙனம்? அளவையும் திருத்திய நேரத்தையும் பார்க்கும். அவற்றோடு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுத்த ஓர் எண்ணையும் ஒப்பிடும். மாந்தர்க்குக் கைரேகை எப்படியோ, கோப்பிற்கு அவ்வெண் அப்படி. உள்ளே ஓரெழுத்து மாறினும் அவ்வெண் முற்றும் வேறாகிவிடும். டிராப்பாக்ஸ் கோப்பினை 4 மெகாபைட்டுத் துண்டுகளாக வகுத்து, ஒவ்வொரு துண்டிற்கும் இத்தகைய எண்ணைக் காணும். மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். பெரிய கோப்பொன்றில் சிறிது திருத்திய பின் அது விரைவில் ஒத்திசைந்து விடுதற்கு இதுவே காரணம்.

ஒரே கோப்பை இருவர், இணையத் தொடர்பில்லாத வேளையில், தத்தம் கணினியில் வெவ்வேறாகத் திருத்தினால் என்னாகும்? எது சரியென்று துணியும் அறிவு அச்செயலிக்கு இல்லை. ஆதலின் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றன் பெயரோடு 'முரண்பட்ட படி' என்ற பொருள்படும் தொடரையோ கணினியின் பெயரையோ சேர்த்துவிடும். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்கு முன் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் கண்டார்கள் அன்றோ? அவ்வேலையைச் செயலி நம்மிடமே விட்டுவிடுகின்றது. இரட்டைக் கோப்பைக் கண்டவுடன் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடுதல் பெரும் பிழையாம்.

இனி எம் இழப்பைக் கூறுவேம்.

எம் அத்தையார் எண்பது வயதைக் கடந்தவர், எழுத்தறியாதவர். தாலாட்டும், நடவுப்பாட்டும், ஒப்பாரியும் அவர் நெஞ்சில் நிறைந்திருந்தன. ஒரு பொங்கல் விடுமுறையில் அவர்தம் திண்ணையிலமர்ந்து, அவர் பாடப் பாடப் பதினொரு பாடல்களைப் பதிவு செய்தேம். அவற்றைக் கணினியில் ஒரு கோப்புறையில் இட்டேம். அது முகிலோடு ஒத்திசைந்திருந்தது. அதே ஆண்டில் அத்தையார் இயற்கை எய்தினார். சில திங்கள் கழிந்தபின் எம் மடிக்கணினி இடமில்லை என்று எச்சரித்தது. ஒலிக்கோப்புக்கள் பேரிடம் கொள்வன. முகிலில் தான் படி உளதே என்று எண்ணி, அக்கோப்புறையைக் கணினியிலிருந்து நீக்கினேம். நீக்குங்கால் திரையில் ஏதோ ஒரு வினா எழுந்தது. மாணாக்கரை வினாத்தாளை இருமுறை படிக்கச் சொல்லும் யாம், அவ்வினாவை ஒருமுறையும் படியாது 'ஆம்' என அழுத்தினேம்.

இரண்டு திங்களின் பின் அத்தையாரின் தலைத்திவசம் வந்தது. உறவினர் கூடியிருந்தபோது அவர் குரலைக் கேட்பிக்க விரும்பி முகிலைத் திறந்தேம். கோப்புறை அங்கு இல்லை. எம் மகன் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் இங்கே நீக்கியதை அது அங்கேயும் நீக்கிவிட்டது, குப்பைத்தொட்டியில் முப்பது நாள்தான் இருக்கும், அதுவும் கடந்துவிட்டது" என்றான். செயலியின்மேற் குற்றம் இல்லை; தனக்கு இட்ட பணியை அது வழுவாது செய்தது. மூன்றாம் பேரேட்டில் அப்பெயர்கள் இருந்தன, கணினியில் இல்லை. ஆதலின் முகிலிலும் நீக்கிற்று. உறவினர் மகளொருத்தி பள்ளி விழாவிற்கு வேண்டுமென்று பென்டிரைவில் முன்னர் வாங்கிச் சென்ற மூன்று பாடல்களே எஞ்சின. எட்டுப் பாடல்கள் அவரோடு போயின. அவற்றை இனிப் பாடுவார் எம் குடியில் இல்லை.

அன்பர்களே! இதனால் நாம் கொள்ளற்பாலன சிலவுள.

முதலாவது, 'நீக்குதல்' வேறு, 'இடத்தை விடுவித்தல்' வேறு. ஒன்டிரைவ் போன்றவற்றில் ஒரு கோப்பின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, இடத்தை விடுவிக்கும் கட்டளையைத் தெரிந்தெடுத்தால், கோப்பின் பெயர் மட்டும் கணினியில் நிற்கும். உள்ளடக்கம் முகிலில் இருக்கும். யாம் செய்திருக்க வேண்டியது அதுவே. ஒன்டிரைவில் நீல முகிற்குறி காணின் அக்கோப்பு முகிலில் மட்டும் உளது, இணையமின்றித் திறவாது. வெள்ளை வட்டத்தினுள் பச்சைச் சரிக்குறி காணின் கணினியிலும் உளது. பச்சை வட்டத்தினுள் வெள்ளைச் சரிக்குறி காணின், கணினியில் என்றும் வைத்திருக்குமாறு நாமே பணித்தது. சுழலும் அம்புக்குறிகள் ஒத்திசைவு நடைபெறுதலைக் காட்டும். அது முடியுமுன் கணினியை மூடிச் செல்லுதல் தகாது.

இரண்டாவது, நீக்கியதை உணர்ந்தவுடன் காலந்தாழ்த்தாது குப்பைத்தொட்டியைப் பார்த்தல் வேண்டும். கூகுள் டிரைவிலும் தனியார் ஒன்டிரைவிலும் நீக்கியவை 30 நாள் வரை அங்கு இருக்கும்.

மூன்றாவது, கூகுள் டாக்ஸில் எழுதியவை கணினிக் கோப்புறையிற் கோப்புப் போலத் தோன்றினும், ஆண்டுள்ளது முகவரி மட்டுமே. அதனைப் பென்டிரைவிற் படியெடுத்தால் முகவரிதான் வரும், எழுத்து வாராது. வேர்டு அல்லது பிடிஎப் வடிவில் இறக்கியே படி வைத்தல் வேண்டும்.

நான்காவதும் தலையாயதும் ஒன்றுண்டு. அரிய கோப்பிற்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் ஊரிலோ இடத்திலோ இருத்தல் வேண்டும். கணினி ஒன்று, முகில் ஒன்று, கழற்றி வைத்த ஹார்டுடிஸ்க் ஒன்று எனக் கொள்க. கழற்றி வைத்தல் என்பதே உயிர்நிலை. கோப்புக்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல் கணினியிற் புகுமாயின், பூட்டப்பட்ட கோப்பையே 'திருத்தியது' என்று கொண்டு ஒத்திசைவு முகிலுக்கும் அனுப்பிவிடும். தொடர்பறுத்த வட்டையோ அஃது எட்டாது.

இறுதியாக, நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். உறுப்பினர் பதிவேடும், மாணவர் விடுதிக் கணக்கும், உபகாரச் சம்பளம் பெற்ற பிள்ளைகளின் பட்டியலும் இன்று காரியதரிசி ஒருவரின் சொந்தக் கணக்கில் வைக்கப்படுவது பல சங்கங்களில் வழக்கம். அவர் பொறுப்பினின்று நீங்கினாலோ, கடவுச்சொல்லை மறந்தாலோ, அவை யாருக்கும் எட்டாவாம். இரண்டாண்டு பயன்படுத்தாத தனியார் கணக்கினைக் கூகுள் நிறுவனம் நீக்கலாம் என்னும் விதி 2023 டிசம்பர் முதல் நடப்பில் உளது. ஆதலின் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கணக்கு இருத்தலும், திறவுகோல் இருவரிடம் இருத்தலும், காலாண்டிற்கு ஒருமுறை வட்டிற் படியெடுத்துச் சங்கப் பெட்டியில் வைத்தலும், அப்படியைத் திறந்து பார்த்து நன்றாய் உளதென அறிதலும் வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றேம். திறந்து பாராத படி இருந்தும் இல்லாததே.

இல்லந்தோறும் முதியோர் உளர். அவர்தம் குரலை இன்றே பதிவு செய்யுங்கள். செய்தபின் அன்றிரவே வேறொரு வட்டிலும் ஒரு படி எடுத்து வையுங்கள். எம் அத்தையாரின் எட்டுப் பாடல்கள் உங்கள் இல்லத்துப் பாடல்களையேனும் காக்குமாயின், யாம் ஓரளவு ஆறுதலடைவேம்.